வகுப்புக் கதவில் ஒட்டிய ஒன்பதாவது குறிப்பு

என் மகள் படிக்கும் இரண்டாம் வகுப்பின் கதவில் நான் எழுதிய தாள் ஒன்று நான்கு மாதம் ஒட்டியிருந்தது. ‘பெற்றோர் கவனத்துக்கு’ என்று தலைப்பு. மொத்தம் பதினான்கு குறிப்புகள். இப்போது எடுத்துப் படித்தாலும் மருத்துவப்படி தவறென்று ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியாது. ஆனாலும் அந்தத் தாளை நினைக்கும்போது எனக்கு முகம் சுடுகிறது. ஏன் என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசையாக எழுதத்தான் எனக்கு வரும்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி. என் வேலையில் முதலில் குழாயில் பெயர் எழுத வேண்டும், அப்புறம்தான் ஊசி. இந்த வரிசை மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் பெயரில் போய்விடும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் கணவர் திருப்பூரில் மெஷின் மெக்கானிக். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் நானும் மகளும் மட்டும். பிரிட்ஜ் கதவில் அவளுக்கு ஒரு பட்டியல், எனக்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு எண்ணையும் சின்ன வட்டத்துக்குள் எழுதுவேன். செய்து முடித்ததும் வட்டத்தின் மேல் ஒரு கோடு.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். காலையில் ரோஜாப்பூப் படங்கள் வரும். அதற்கு நடுவே, “நாளைக்கு என்ன கலர் டிரெஸ்ஸு?” என்று ஒருவர். பத்து நிமிடம் கழித்து அதையே இன்னொருவர். ஒருநாள் மகளை அழைக்கப் போனபோது வகுப்பு ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், நீங்க லேபுல இருக்கீக. தெளிவா எழுதுவீக. இந்த அம்மாமாருக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன். ஒரே பதில இருவது பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே போச்சு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் யோசித்து எழுதினேன். டிபன் பாக்ஸ் மூடியைப் பிள்ளை தானே திறந்து மூடப் பழக்குங்கள்; இறுக்கமான மூடியைத் திறக்கத் தெரியாத பிள்ளை சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். பாட்டிலின் அடியில் பெயர் எழுதுங்கள். பக்கவாட்டில் எழுதினால் கை பட்டு அழிந்துவிடும். கொக்கி வைத்த உடுப்பு வேண்டாம், எலாஸ்டிக் போதும். அவசரத்துக்குப் பிள்ளையால் கொக்கியைக் கழற்ற முடியாது. ராத்திரி காய்ச்சல் இருந்து காலையில் விட்டிருந்தாலும் அன்றைக்குப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ‘ஒண்ணுக்கு’ என்று டீச்சரிடம் கூச்சமில்லாமல் கேட்க வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துகொண்டிருந்தது. காதுக்குக் கீழே கன்னம் வீங்கும். வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவது இங்கே வழக்கம். ஒரு பையன் அவன் அம்மாவின் தாலிச் செயினையே போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டான். அதனால் எட்டாவது குறிப்பு: ‘வீக்கம் தங்கத்தால் வடியாது, ஓய்வில் வடியும். சங்கிலியோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.’ அந்த நோய் எச்சில் வழியாகப் பரவும் என்பதால் ஒன்பதாவது குறிப்பு:

‘ஒரு பிள்ளையின் பாட்டிலில் இன்னொரு பிள்ளை தண்ணீர் குடிக்க விடாதீர்கள். அவரவர் தண்ணீர் அவரவருக்கு.’

முதல் வாக்கியமே போதும். இரண்டாவதை அழகுக்காகச் சேர்த்தேன். படித்தால் மனதில் நிற்கும் என்று நினைத்தேன்.

வகுப்பில் ஒரு பையனின் அம்மாவுக்குக் கடைவீதியில் ஸ்டேஷனரிக் கடை. அவர்தான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “டைப் அடிக்கவே வேணாம்க்கா. ஒங்க கையெழுத்தே பிரிண்டு மாதிரி இருக்கு. நம்ம கடையிலயே லேமினேட் பண்ணிருவோம்” என்றார். மறுநாளே பளபளப்பாகக் கதவில் ஏறிவிட்டது. நல்ல மனுஷி. மழை வந்தால் என் மகளையும் அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விடுவார். பழகிய இரண்டாவது வாரம், “நீங்க என்ன ஆளுகக்கா?” என்று கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இதைச் சாப்பிட்டாச்சா என்பதுபோலத்தான் கேட்பார்கள். நான், “எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காக” என்று சம்பந்தமில்லாமல் ஒரு பதில் சொன்னேன். அவரே தலையாட்டிக்கொண்டு, “அதான பாத்தேன், பாத்தாலே தெரியுது” என்றார். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் எதையோ முடிவுசெய்துகொண்டார், நான் மறுக்கவில்லை. நான் சொல்லாமல் விட்டதில் அதுதான் முதலாவது.

அக்டோபரில் ஒரு மதியம். கூடத்தில் கூட்டமில்லாத நேரம். ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் ஒரு பெண், தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் உடுப்பு என் மகளின் பள்ளி உடுப்பு. டாக்டர் சீட்டில் சிறுநீர்ச் சோதனையும், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் எழுதியிருந்தது. ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், இரண்டு நாளாகக் காய்ச்சல்.

டப்பாவைக் கொடுத்துக் கழிவறைக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் காலி டப்பாவோடு வந்தாள்.

“வரல” என்றாள்.

“எப்படி வரும்? தண்ணி குடிச்சாத்தான வரும்?” என்றார் அம்மா. சண்டையாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

புதிய காகிதக் கோப்பை ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினேன். வாங்காமல் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது யாரு தண்ணி?”

“இங்க எல்லாருக்கும் உள்ளதுதான். குடி பாப்பா.”

வாங்கி, தலையை அண்ணாந்து, கோப்பையைக் கையெட்டும் உயரத்துக்குத் தூக்கி ஊற்றிக்கொண்டாள். பாதி வாயில், பாதி சட்டையில். “வாய் வச்சே குடி, புதுக் கப்புதான்” என்றேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சிறுநீருக்குக் காத்திருந்த அரை மணி நேரத்தில் அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். எம்.ரெட்டியபட்டியையும் தாண்டி உள்ளே ஒரு கிராமம் அவர்களுடையது. காலையில் ஏழரை மணி பஸ்ஸுக்குப் பிள்ளையோடு கிளம்பி, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். பிள்ளை கொண்டுபோகும் சின்ன பாட்டில் இடைவேளைக்குள் தீர்ந்துவிடும். பள்ளி போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பில்டர் தண்ணீரோ பெரிய வகுப்புப் பிள்ளைகள் முந்திப் பிடிப்பதிலேயே காலி. முன்பெல்லாம் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் கொடுப்பார்களாம்.

“இப்பக் குடுக்கிறதில்லையாம். வகுப்புக் கதவுல யாரோ எழுதி ஒட்டிருக்காக, அவரவர் தண்ணி அவரவருக்குன்னு. சரி, சீக்குக்காகன்னு நானும் விட்டேன். பெரிய பாட்டில் வாங்கிக் குடுத்தேன். அதச் சொமக்க மாட்டாம வழியிலயே கொட்டிட்டுப் போறா. அப்புறம் பாத்தா, மத்த பிள்ளைக எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிறாகளாம். இவளுக்கு மட்டுந்தான் ரூலாம்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போயிருந்தப்ப, எந்த ஊரு, அதுல எந்தத் தெருன்னு ஒருத்தவுக கேட்டாக. நானும் சொல்லித் தொலைச்சேன்.”

என் கையில் டப்பாவில் ஒட்டும் சீட்டு இருந்தது. பெயர், வயது, நேரம் எழுத வேண்டும். நான் வயதை இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

“ஒங்களுக்கு இதே ஊரா மேடம்?”

“ஆமா” என்றேன். “அருப்புக்கோட்டைதான்.”

எனக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பெண் சொல்லத் தயங்கிய மாதிரியான தெருதான் எங்கள் தெருவும். அருப்புக்கோட்டை என்றது பொய். முழுப் பொய்.

சோதனை முடிவு பார்த்தவுடனே தெரிந்தது, சீழ் அணுக்கள் நிறைய. கல்ச்சர் மூன்றாம் நாள் வரும் என்று சொன்னேன். அவர் கேட்காமலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தேன்: ஒன்று, மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தாமல் கொடுக்கவும். இரண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர். மூன்று, சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். நான்கு, அடக்கி வைக்க விடக்கூடாது. எண்களைச் சுற்றி வட்டம் போட்டேன். பழக்கம்.

அன்று சாயங்காலம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டேன்.

“ஒன் பக்கத்துல ஒரு பிள்ள உக்காரும்னு சொல்லுவியே, எம்.ரெட்டியபட்டி பஸ்ஸுல வருமே, அதுக்கு நீ தண்ணி குடுப்பியா?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நீதானம்மா எழுதிருக்க. ஒம்பதாவது.”

“மத்த பிள்ளைகளுக்கு?”

“குடுப்பேன். அவுகளும் குடுப்பாக. அவளுக்கு மட்டும் ஒம்பதாவது.” எதையோ பெரிய விஷயமாக விளக்குவதுபோலத் திரும்பிப் பார்த்தாள். “ஸ்டேஷனரி அத்தை அவுக வீட்டுல சொன்னாகளாம். அவ கேட்டா, கதவப் பாருன்னு சொல்லணும். நாங்க எல்லாரும் சேந்து சொல்லுவோம்மா, ‘கதவப் பாரு, கதவப் பாரு’ன்னு. அவ பாப்பா.”

“பாத்துட்டு?”

“வந்து உக்காந்துக்கிருவா.”

பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டேன். இழுத்துவிட்டேன் போல, “வலிக்குதும்மா” என்றாள்.

இவள் வயதில் எனக்குப் பள்ளி விடுமுறையென்றால் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போவேன். மத்தியானம் பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்போம். அந்த வீட்டம்மா செம்பை உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். நாங்கள் குனிந்து, கையைக் குவித்து வாங்கிக் குடிக்க வேண்டும். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போய்விடும். அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: “ரெண்டு கையையும் நல்லா ஒட்டிப் பிடி. சுண்டுவிரல் விட்டுச்சுன்னா ஒழுகிரும்.” அதுவும் பிள்ளைக்கு ஒரு தாய் சொன்ன குறிப்புத்தான். உபயோகமான குறிப்பு. அதைக் கேட்டு வளர்ந்த நான்தான், அழகாக இருக்கிறது என்று அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதினேன். எழுதும்போது எனக்கு அந்தச் செம்பு நினைவுக்கு வரவேயில்லை. வராமல் பார்த்துக்கொண்டேனா என்று இப்போது கேட்டால், பதில் தெரியவில்லை.

மறுநாள் வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுவிட்டு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். தாளைக் கிழித்துவிடலாம் என்றேன்.

“எதுக்கு மேடம்? நல்ல ரூல்தான? பொன்னுக்கு வீங்கியும் நின்னுபோச்சு.”

“அத ஒரு பிள்ளைக்கு மட்டும் வச்சிருக்காக மிஸ்.”

அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார். “எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? ஒருநாள் நானே ஒரு பிள்ளகிட்ட, ‘ஏத்தா, அவளுக்குக் கொஞ்சம் ஊத்து’ன்னு சொன்னேன். மறுநாள் அவுக அம்மா வந்து ஒங்க பேப்பரக் காட்டுறாக. ‘லேபுல இருக்கவுக எழுதிருக்காக, ஒங்களுக்கு அவுகளவிடக் கூடத் தெரியுமா?’ன்னு கேக்காக. நான் என்ன சொல்ல?” பெருமூச்சு விட்டார். “என் பாட்டிலக் குடுத்துப் பாத்தேன். அந்தப் பிள்ள வாங்க மாட்டேங்குது. கிழிச்சா, ஏன் கிழிச்சீகன்னு கேப்பாக. எழுதுன நீங்களே சனிக்கெழம மீட்டிங்குல வந்து சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

“பாக்கலாம் மிஸ்” என்றேன்.

“பாக்கலாம்னா? அந்தப் பிள்ளையோட அம்மா டீசிக்கு எழுதிக் குடுத்துட்டாக. திங்கக்கெழம வந்து வாங்கிக்கிறேன்னுருக்காக. நல்லாப் படிக்கிற பிள்ள மேடம்.”

வரும் வழியெல்லாம் காரணங்களைப் பட்டியலிட்டேன். சனிக்கிழமை லேபில் கூட்டம் இருக்கும். நான் பேசினால் அந்தப் பிள்ளையைத்தான் இன்னும் வெளிச்சத்தில் நிறுத்துவதாகும். கிராமத்துப் பள்ளியிலும் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள். மூன்றுமே சரியான காரணங்கள். மூன்றுக்கும் கீழே கிடந்தது ஒன்றுதான்: பேசினால், ‘இவுகளுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?’ என்று யாராவது கேட்பார்கள்.

மூன்றாம் நாள் அந்த அம்மா கல்ச்சர் ரிப்போர்ட் வாங்க வந்தார். பிள்ளை வரவில்லை. ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல், பையிலிருந்து நான் எழுதிய துண்டுத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத எழுதுனது நீங்கதான?”

“ஆமா.”

“நம்பரச் சுத்தி வட்டம் போடுறீக. கதவுல இருக்கதுலயும் அப்படித்தான் இருக்கு.”

நான் அந்தத் தாளில் இருந்த நான்கு வட்டங்களையும் பார்த்தேன்.

“அன்னைக்கு ராத்திரி மருந்து குடுக்க எடுத்துப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நேத்து ஸ்கூலுக்குப் போயி ஒருதடவை சரிபாத்துக்கிட்டேன். திட்டுறதுக்கு வரல மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஒம்பதாவத எழுதயில எங்க பிள்ளைய நெனச்சா எழுதுனீக?”

“இல்ல. சத்தியமா இல்ல. நோயி பரவக் கூடாதுன்னுதான்.”

“அப்ப எங்கள நெனைக்கவே இல்ல” என்றார்.

உள்ளே மெஷின் சுழன்று நிற்கும் சத்தம் கேட்டது. நான்தான் போய் எடுக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

“எனக்கு அருப்புக்கோட்டை இல்ல” என்றேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் கேட்காமலேயே தெருவையும் சொன்னேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, பையில் செருகிய பேனா, கைக்கடிகாரம்.

“நல்லாத்தான் மறச்சு வச்சிருக்கீக. கோட்டு ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு தங்கச்சி.”

அவர் அதுவரை என்னை மேடம் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரம்மா சொன்னாக, நீங்க மீட்டிங்குல பேசுவீகன்னு. நானும் கடையில பெர்மிஷன் கேட்டுட்டு வாரேன். என்ன சொல்றீகன்னு கேட்டுட்டுத்தான் திங்கக்கெழம டீசி வாங்குறதா வேணாமான்னு பாக்கணும். கிராமத்துல படிக்க வைக்கிறது எனக்குக் கஷ்டமில்ல. ஆனா எதுக்காக நின்னோம்னு கேட்டா அவளுக்கு நான் என்ன சொல்ல? கதவுல எழுதிருந்துச்சு, அதான் வந்துட்டோம்னா?”

சனிக்கிழமைக்கு ஒரு தாளில் நான்கு எண்கள் எழுதிக்கொண்டு போனேன். நான்கையும் வட்டமிட்டிருந்தேன்.

வகுப்பறையில் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன்.

முதலாவது: பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பதைத்தான் தவிர்க்கச் சொன்னேன். தூக்கி ஊற்றிக் குடித்தாலோ, பிள்ளைக்கென்று ஒரு டம்ளர் இருந்தாலோ தண்ணீரைத் தாராளமாகப் பங்கிடலாம். இரண்டாவது: எங்கள் பக்கத்து வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு என்ன ஆகும் என்று லேபில் தினமும் பார்க்கிறேன், எரிச்சல், காய்ச்சல், வயிற்று வலி. இரண்டையும் எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஒருவர் போனில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவதைத் தாளைப் பார்த்தே படித்தேன். “ஒரு ரூல எல்லாப் பிள்ளைக்கும் வச்சா அது சுகாதாரம். ஒரு பிள்ளைக்கு மட்டும் வச்சா அது சாதி.”

ஸ்டேஷனரிக் கடைக்காரம்மா எழுந்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் வருத்தம்தான் அதிகம் இருந்தது.

“யாருக்கா அப்படிச் செய்றா? பேரச் சொல்லுங்க. நீங்க எழுதுனதத்தான நாங்க பிள்ளைகளுக்குச் சொன்னோம்? ‘அவரவர் தண்ணி அவரவருக்கு’ன்னு எழுதுனது நாங்களா? நான் லேமினேட்தான் பண்ணேன்.” சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நம்மள்ல ஒருத்தரா இருந்துக்கிட்டு நீங்களே இப்படிப் பேசலாமாக்கா?”

நம்மள்ல ஒருத்தர். என் கையிலிருந்த தாளில் நான்காவது வட்டத்துக்கு எதிரே இரண்டே வார்த்தைதான் எழுதியிருந்தேன்: என் ஊர். அதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஜவுளிக்கடைச் சேலையில் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தாளை மடித்தேன்.

“எழுதுனது தப்புத்தான்” என்றேன். “நானே எடுத்துர்றேன்.”

கதவிடம் போய்த் தாளை உரித்தேன். லேமினேஷன் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டி, மூலையைப் பிடித்து இழுத்தபோது கதவின் பெயின்டும் சேர்ந்து வந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆசிரியை அவசரமாக அடுத்த விஷயத்துக்குப் போனார்: வகுப்புக்கு ஒரு பெரிய தண்ணீர் கேன், குழாய் வைத்தது, திங்கள் முதல் ஒவ்வொரு பிள்ளையும் பெயர் எழுதிய ஒரு டம்ளர் கொண்டுவர வேண்டும், கேனிலிருந்து அவரே தன் கையால் எல்லோருக்கும் பிடித்துக் கொடுப்பார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் எதற்காக மறுக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமே.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா எனக்காக நின்றிருந்தார்.

“மூணு நல்லாச் சொன்னீக” என்றார். “ஒண்ண மிச்சம் வச்சுட்டீக.”

“ஆமாக்கா.”

“எங்கிட்டச் சொல்லத் தெரிஞ்சது, அவுககிட்டச் சொல்லத் தெரியலையாக்கும்.”

அவர் சேலை முந்தியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டீசி வாங்கல. ஒங்களுக்காக இல்ல. அந்த டீச்சரம்மா தன் கையால பிடிச்சுக் குடுக்கிறேன்னு சொன்னாகள்ல, அதுக்காக. ரெண்டு வாரம் பாப்பேன். அப்பவும் எம்பிள்ள கதவப் பாத்துட்டு வந்து உக்காந்தாள்னா, நான் பேசாமக் கூட்டிட்டுப் போயிருவேன்.” நாலடி போனவர் திரும்பினார். “ஒங்க பிள்ளைக்காவது தெரியுமா, தான் எந்த ஊருன்னு?”

“தெரியாது.”

“ம்” என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அந்தப் பிள்ளை இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். மறுபரிசோதனைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சீழ் அணுக்கள் இயல்பான அளவுக்கு வந்திருந்தன. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். அம்மா நன்றி சொன்னார், மேடம் என்று. தங்கச்சி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மீட்டிங் முடிந்து வீட்டுக்குப் போனதும் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். திருச்சுழிப் பக்கத்து ஊர், தெரு, பருத்திக் காடு, செம்பு, குவித்த கை. எப்படிக் குவிப்பது என்று கேட்டாள். காட்டினேன். சுண்டுவிரலை ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் ‘கதவப் பாரு’ என்று சொன்னதற்குத் திங்கட்கிழமை என்ன சொல்வாய் என்று கேட்டேன். ‘ஸாரி’ என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவ ஊரும் நம்ம ஊரு மாதிரிதானாம்மா?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப அத நான் ஸ்கூல்ல சொல்லலாமா?”

ஏழு வயதுப் பிள்ளையின் கேள்வி. சொல்லலாம், கூடாது, இரண்டில் ஒன்று. ஸ்டேஷனரிக் கடைக்காரம்மாவின் வண்டி, மழைநாட்கள், குழுவில் வரும் ரோஜாப்பூப் படங்கள், எல்லாம் ஒவ்வொன்றாக எண் போட்டு மனதில் ஓடின. நான் யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் குவித்திருந்த கை மெல்லப் பிரிந்தது. எதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதோ அதை, யோசித்த அந்த நேரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

“சொல்லு” என்றேன், தாமதமாக.